ஈரக் கையின் சாட்சி

எங்கள் ஊரில் இப்போது கை காய்ந்தவன்தான் யோக்கியன். கை ஈரமாக இருப்பவன் எதைச் சொன்னாலும் பொய்யன். இதை நான் சொல்லவில்லை, பெட்டி சொல்கிறது. பெட்டி சொன்னால் மன்றம் ஏற்கிறது. மன்றம் ஏற்றால் ஊர் ஏற்கிறது. நான் ஏற்கவில்லை. நான் ஏற்காததால் எவனுக்கும் ஒன்றும் குறைந்துபோகவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

என் பெயர் சூசைமரியான். தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் இளவட்டமாகச் சேர்ந்து கிழவனாகும்வரை வேலை பார்த்தேன். படிப்பு கிடையாது. எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். ஐஸ் கம்பெனி வேலை எப்படிப்பட்டது என்று மீனைக் குழம்புச் சட்டியில் மட்டும் பார்த்தவர்களுக்குத் தெரியாது. பெரிய தொட்டியில் உப்புத்தண்ணீர் கடுங்குளிரில் கிடக்கும். அதற்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய தகரக் கேன்களை இறக்கிவைப்போம். கேனுக்குள் இருப்பது கட்டியாகும். வெளியே இருப்பது ஆகாது, உப்பு விடாது. அந்த உப்புத்தண்ணீரில் கை போகாமல் கேன் மேலே வராது. சேர்ந்த புதிதில் கையுறை கொடுத்தார்கள். அது கிழிந்தபிறகு வேறு கொடுக்கவில்லை. வருஷக்கணக்காக உப்பும் குளிரும் தின்ற கை எப்படி இருக்கும்? உள்ளங்கை முழுக்க வெடிப்பு, வெடிப்புக்குள் உப்பு. துடைத்தாலும் கசியும். கோடையிலும் காயாது.

இந்தக் கையை வைத்துக்கொண்டுதான் நான் சாட்சி சொல்லப் போனேன்.

மன்றத்தில் இருக்கும் பெட்டிக்கு அரசாங்கம் வைத்த பெயர் மெய்காட்டி. நாங்கள் கைப்பெட்டி என்போம். மேஜைமேல் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு பித்தளைத் தகடுகள் இருக்கும். அவற்றில் இரண்டு கையையும் வைத்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லவேண்டும். சுற்றி வளைத்துப் பேசினால் ஏற்கமாட்டார்கள். பச்சை எரிந்தால் சொன்னது உண்மை. சிவப்பு எரிந்தால் பொய். முதலில் சிவப்பு எரிந்த பேச்சைச் சும்மா தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு வழக்குகள் சீக்கிரம் முடியவேண்டும் என்று விதியைத் திருத்தினார்கள். சிவப்பு எரிந்தால், சொன்னதற்கு நேர் எதிரானது நிரூபணமாகிவிட்டது என்று எழுதிக்கொள்வார்கள். கோழியைத் திருடவில்லை என்று ஒருத்தன் சொல்லிச் சிவப்பு எரிந்தால், திருடினவன் அவன்தான். முடிந்தது. வக்கீல் வேண்டாம், வாய்தா வேண்டாம். சனங்களுக்கு முதலில் சந்தோஷம்தான். அடுத்தவன் கோழி விஷயத்தில் எல்லாருக்கும் சந்தோஷம்.

கொஞ்ச காலத்தில் எனக்கு ஒன்று தென்பட்டது. பாத்திரம் தேய்க்கிறவளுக்குச் சிவப்பு. துணி வெளுக்கிறவனுக்குச் சிவப்பு. மீன் கழுவுகிற பெண்கள் மொத்தப் பேருக்கும் சிவப்பு. மூட்டை தூக்குகிறவன், கொத்தனார், தச்சன் எல்லாருக்கும் பச்சை. ஹோட்டலில் தட்டு கழுவிக்கொண்டிருந்த மெர்சி என்ற பெண், முதலாளியம்மா சங்கிலியை எடுக்கவில்லை என்று சொன்னாள். சிவப்பு எரிந்தது, உள்ளே போனாள். சங்கிலி பிறகு குளியலறைச் சாக்கடையில் கிடைத்தது. அதனால் என்ன, பெட்டி சொன்னது சொன்னதுதான், அவளே பயந்துபோய்ச் சாக்கடையில் போட்டிருப்பாள் என்றார்கள்.

அதற்கப்புறம் ஊர் தலைகீழானது. மாப்பிள்ளை பார்க்கப் போனவர்கள் முதலில் பையனின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் காப்பித் தம்ளரைத் தொட்டார்கள். கடைகளில் வேலைக்கு எடுக்கும்போது கையை நீட்டச் சொன்னார்கள். பவுடர் பூசிக்கொண்டு மன்றத்துக்குப் போனவர்களை வாசலிலேயே பிடித்துச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள். பொன்னுலிங்கம் என்று ஒருத்தன், துறைமுகத்தில் சிமெண்டு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன். அவன் உள்ளங்கை வேப்பமரத்துப் பட்டை மாதிரி இருக்கும். அவன் மூட்டை தூக்குவதை விட்டுவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டான். எந்த வழக்கென்றாலும் பொன்னுலிங்கம் அங்கே ஏதோ வேலையாகப் போயிருப்பான், எதையாவது பார்த்திருப்பான். எப்போதும் பச்சை. அவனுக்குத் தெருவில் வணக்கம் வைத்தார்கள்.

நான் வைக்கவில்லை.

இஞ்ஞாசி என்னோடு தொட்டியில் வேலை பார்த்தவன். என்னைவிட ரொம்ப இளையவன். வாய் ஓயாது. நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் ஒன்பது வார்த்தை பேசுவான், அதில் பாதி என்னைக் கிண்டல் செய்வதாக இருக்கும். அவன் பெண்டாட்டி பிலோமி. கம்பெனி வேலையாட்களுக்குக் கொடுத்த லைன் வீட்டில் குடியிருந்தார்கள். நான் எவனிடமும் ஒட்டாதவன். அவன்தான் என்னிடம் ஒட்டிக்கொண்டான்.

தொட்டியைக் குளிரவைக்கிற குழாய்களில் அம்மோனியா ஓடும். கேஸ் என்போம். அது கசிந்தால் கண் எரியும், கூடினால் மூச்சு நிற்கும். மேற்குப் பக்கத்து வால்வின் கழுத்து துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. இஞ்ஞாசி மேனேஜர் தில்லைநாயகத்திடம் போய்ச் சொன்னான். நானும் கூடவே நின்றேன். மறுநாள் ஆள் வந்தது. துருவின்மேல் பச்சைப் பெயிண்டு அடித்துவிட்டுப் போனது.

அதற்குப் பிறகு ஒருநாள் மத்தியானம் அந்த வால்வில் கசிவு வந்தது. கீழே ஐஸ் உடைக்கிற இடத்தில் மீன்காரப் பெண்கள் கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரையும் ஓடச் சொல்லிக் கத்திவிட்டு இஞ்ஞாசி வால்வை மூடப் போனான். சரியான பக்கம்தான் திருகினான். நான் பக்கத்திலேயே நின்றேன், வேறு யாருமில்லை. கழுத்து முறிந்து கேஸ் அவன் முகத்தில் அடித்தது. காலைப் பிடித்து வெளியே இழுத்துப்போட்டேன். வண்டி வருவதற்குள் போய்விட்டான்.

குடித்திருந்தானா என்று கேட்டால், குடித்திருந்தான். கொஞ்சம் பிராந்தி. வாசம் வந்தது. தொட்டியில் வேலை பார்க்கிறவன் குளிருக்குக் குடிப்பான், நானும் குடித்திருக்கிறேன். ஆனால் அவன் கால் தடுமாறவில்லை, கை நடுங்கவில்லை. இதை நான் எந்தச் சாமி முன்னாலும் சொல்வேன். பெட்டி முன்னால் சொல்லத்தான் வழியில்லை.

கம்பெனி சொன்னது இதுதான்: வால்வு நன்றாக இருந்தது, குடித்துவிட்டு வந்தவன் தாறுமாறாகத் திருகி உடைத்துவிட்டான். ரத்தத்தை எடுத்துப் பார்க்கிற வழக்கமெல்லாம் கைப்பெட்டி வந்தபின் நின்றுபோனது. கையை வைக்கச் சொல்லிக் கேட்டால் தெரிந்துவிடும்போது ரத்தம் எதற்கு. ஆக மன்றம் இரண்டு கேள்விகளை இரண்டு விசாரணையாக எடுத்துக்கொண்டது. வால்வு கெட்டிருந்ததா? கெட்டிருந்தால் குற்றம் கம்பெனிமேல். இஞ்ஞாசி குடித்திருந்தானா? குடித்திருக்கவில்லை என்றால் லைன் வீடும் அவன் வேலையும் பிலோமிக்கு. குடித்திருந்தான் என்றால் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். சம்பவ இடத்தில் கூட இருந்தவன் சாட்சி சொன்னால் வெளியாள் சாட்சியைக் கேட்கமாட்டார்கள். கூட இருந்தவன் வராவிட்டால்தான் மற்றவர்கள். கூட இருந்தவன் நான்.

முதல் விசாரணைக்குப் போகும்போது பிலோமி பக்கத்து வீட்டுக்காரியிடம், சூசை மாமா சொல்லிருவாங்க, அவங்களுக்கு யாரைப் பத்தியும் பயம் கிடையாது என்று சொன்னது என் காதில் விழுந்தது. பயம் கிடையாதுதான். தகட்டில் கையை வைத்தேன். "மேற்கு வால்வு கழுத்து இத்துப்போயிருந்துச்சு, அது மேனேசருக்குத் தெரியும்" என்றேன்.

சிவப்பு எரிந்தது.

வால்வு நல்ல நிலையில் இருந்தது என்பது நிரூபணமாகிறது என்று மன்ற அதிகாரி வாசித்தார். பெட்டியைத் தூக்கிக் கடலில் போடுங்கள் என்று கத்தினேன். இரண்டு போலீஸ்காரர்கள் என்னை வராந்தாவில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். பிலோமி என்னைத் தாண்டிப் போனாள், நின்று பார்க்கவில்லை.

பெட்டியைப் பராமரிக்க ஒரு பெண்ணைப் போட்டிருந்தார்கள். மிருதுளா என்று பெயர், கோயம்புத்தூர்ப் பக்கம். அவள் ஒரு பாட்டில் தண்ணீரோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் தண்ணீரை வாங்கவில்லை.

"உன் பெட்டி பொய் சொல்லுது" என்றேன்.

"பெட்டி எதுவும் சொல்றதில்லீங்க. அளக்குது, அவ்வளவுதான்."

"என்னத்த அளக்குது?"

"ஒரு தகட்டுலருந்து இன்னொரு தகட்டுக்கு உங்க உடம்பு வழியா துளியூண்டு கரண்ட் ஓடுதுங்க. அதைத் தள்ளி விடுறது வோல்டேஜ். தள்ளுறத ரெட்டிப்பாக்குனா ஓடுறதும் ரெட்டிப்பாகும். பாதியாக்குனா பாதியாகும். அந்தக் கணக்குல பெட்டி தப்பு பண்றதில்லீங்க. இதுல எல்லாருக்கும் ஒரே அளவாத்தான் தள்ளுறோம். தள்ளுறது ஒண்ணா இருந்தும் ஓடுறது கூடுதுன்னா, நடுவுல தடுக்கற தோல் லேசாயிருச்சுன்னு அர்த்தம். பொய் சொல்றவங்களுக்கு உள்ளங்கை வேர்க்கும். வேர்த்தா தடை குறையும், ஓட்டம் ஒரு கோட்டைத் தாண்டும். தாண்டுனா சிவப்பு."

"எனக்கு வேர்க்கல."

அவள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிடிக்கட்டும் என்று விட்டேன். விரலால் வெடிப்பைத் தொட்டுப் பார்த்து, விரலைத் துடைத்துக்கொள்ளாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு வேர்க்கவே வேண்டியதில்லீங்க. தடுக்கறதுக்கு இங்க தோல் எங்க இருக்குது? உப்பு நேரா உள்ள வரைக்கும் போகுது. கரண்டுக்கு இது ராஜபாட்டை."

"அந்தக் கோட்டை எவன் கைய வச்சுப் போட்டிய?"

"எங்க ஆபீஸ்ல ஏசியில உட்கார்ந்திருக்கறவங்க கைய வச்சு" என்றாள். பிறகு, "தப்புன்னு எனக்கும் தெரியுங்க. எழுதிக் குடுத்தேன். எழுதிக் குடுத்தவங்களெல்லாம் இப்ப இந்த மாதிரி ஊருகள்லதான் பெட்டி துடைச்சிட்டிருக்கோம்" என்றாள்.

எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு தப்பைத் துடைத்துவைக்கிறவளிடம் இரக்கப்பட என்ன இருக்கிறது. எழுந்தபோது ஒன்று மட்டும் கேட்டேன்.

"அப்ப அடுத்த தடவ நான் என்ன சொன்னாலும்?"

"சிவப்புதானுங்க. நீங்க வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே சிவப்புதான்."

இனி மன்றத்துப் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்தேன். நான் போய்ப் பேசினால் பிலோமிக்குக் கெடுதல்தான். போகாவிட்டால் கம்பெனிக்காகப் பொன்னுலிங்கம் பேசுவான், அதுவும் கெடுதல்தான். ஆனால் அந்தக் கெடுதல் என் வாயால் நடக்காது. கிழவனுக்கு அவ்வளவு போதும் என்று நினைத்தேன்.

இரண்டாம் விசாரணைக்கு முந்தின நாள் காலையில் மேனேஜர் தில்லைநாயகம் என் வீட்டுக்கு வந்தான். இத்தனை வருஷத்தில் அவன் என் வீட்டு வாசலை மிதித்ததில்லை. கையில் பிஸ்கட் பாக்கெட்டு வேறு. உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தான். உடம்பைப் பற்றி விசாரித்தான். இஞ்ஞாசி நல்ல பையன் என்றான். அவன் நல்லவன் என்று உயிரோடு இருக்கும்போது சொல்லியிருந்தால் இஞ்ஞாசி ஒரு வாரம் அதையே சொல்லிச் சொல்லி என் உயிரை எடுத்திருப்பான்.

"நாளைக்கு வாரீருல்லா ஓய்?" என்றான் தில்லைநாயகம்.

வரவில்லை என்றேன். அவன் முகம் ஒரு நொடி மாறித் திரும்பச் சரியானது.

"அப்படிச் சொல்லாதேயும். கூட்டாளிக்காக ஒரு வார்த்த பேசாட்டா எப்படி? தைரியமா வந்து, இஞ்ஞாசி குடிக்கலன்னு சொல்லும். கம்பெனி உம்ம ஒண்ணும் செய்யாது, அதுக்கு நான் பொறுப்பு. மனசாட்சின்னு ஒண்ணு இருக்குல்ல."

அவன் போன பிறகு பிஸ்கட்டைப் பிரித்துக் கோழிகளுக்குப் போட்டேன். கோழிகள் தின்று முடிக்கும்வரை யோசித்தேன். என் மனசாட்சியைப் பற்றி இந்த மனுஷனுக்கு என்ன கவலை? என் கை எப்போதும் சிவப்பு என்று அவனுக்குத் தெரியும். முதல் விசாரணையில் கண்ணால் பார்த்திருக்கிறான். பொன்னுலிங்கத்தைக் கூட்டிவந்தால் ஊர் நாளைக்கு ஏதாவது பேசும், எங்கே போனாலும் இவன் எப்படி இருக்கிறான் என்று எவனாவது கேட்பான். செத்தவனின் கூட்டாளியே வந்து குடிக்கவில்லை என்று சொல்லி, அதற்குச் சிவப்பு எரிந்தால் ஒருத்தன் வாய் திறக்கமுடியாது. அதற்குத்தான் பிஸ்கட்.

குடிக்கவில்லை என்று நான் சொன்னால், குடித்தான் என்று ஆகும். அப்படியானால் குடித்தான் என்று சொன்னால்?

எழுந்து நின்றுவிட்டேன். இதில் வேடிக்கை என்னவென்றால், அது உண்மையும்கூட. நான் பொய் சொல்லவேண்டியதில்லை. என் ஆயுசில் நான் பொய் சொன்னதில்லை; நல்லவன் என்பதால் இல்லை, எவனையும் சந்தோஷப்படுத்தவேண்டிய அவசியம் எனக்கு வந்ததில்லை. இப்போதும் நெசத்தைச் சொன்னால் போதும். அதைப் பெட்டி பொய் என்று சொல்லும், அந்தப் பொய்யால் பிலோமிக்கு வீடு நிலைக்கும்.

பிலோமியிடம் முன்கூட்டிச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. அவள் அண்ணனிடம் சொல்வாள். அவன் டீக்கடையில் சொல்வான். டீக்கடையிலிருந்து கம்பெனி கேட்டுக்கு எவ்வளவு தூரம்? அவள் முகத்தில் கோபம் நெசமாக இருக்கவேண்டும். தில்லைநாயகம் முகம் பார்த்து ஆளைப் படிக்கிறவன்.

மறுநாள் மன்றத்தில் லைன் வீட்டுச் சனம் பூராவும் இருந்தது. பொன்னுலிங்கம் தேவைப்பட்டால் கூப்பிடட்டும் என்று ஓரமாகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிலோமி பிள்ளையை மடியில் வைத்து முன்வரிசையில் இருந்தாள். கூட இருந்தவர் பேசுகிறாரா என்று அதிகாரி கேட்டார். பேசுகிறேன் என்று போய்க் கையை வைத்தேன். தகடு சில்லென்று இருந்தது. ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இந்த மிஷினை நம்பி ஒரு குடும்பத்தின் கழுத்தில் கத்தி வைக்கிறேனே, இன்றைக்கென்று பார்த்து இந்தச் சனியன் ஒழுங்காக வேலை செய்தால்?

"இஞ்ஞாசி அன்னைக்குக் குடிச்சிருந்தான்" என்றேன்.

பிலோமி பிள்ளையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு எழுந்து நின்றாள். சத்தம் போடவில்லை.

"உங்க வாய் புழுத்துப் போகும் மாமா" என்றாள்.

நான் திரும்பவில்லை. கையை எடுத்தால் அளவு செல்லாது. அவள் காறித் துப்பியது என் முதுகில் விழுந்தது. அதன் பிறகுதான் சிவப்பு எரிந்தது.

அதிகாரி விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். இறந்தவர் குடித்திருக்கவில்லை என்பது நிரூபணமாகிறது என்று வாசித்தார். தில்லைநாயகம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். இந்த ஆளுக்கு என்ன சொன்னாலும் சிவப்புதான் எரியும், இவர் கை அப்படி, இது செல்லாது என்றான்.

அதிகாரிக்கு மதியச் சாப்பாட்டு நேரம். கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்படின்னா முதல் விசாரணையில எரிஞ்சதும் செல்லாது. வால்வு விஷயத்த மறுபடி எடுத்துக்கலாமா?"

தில்லைநாயகம் உட்கார்ந்தான். மிருதுளா மட்டும் என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அவள் தகட்டைத் துடைக்க ஆரம்பித்தாள். அது அவள் வேலை.

வீடும் வேலையும் பிலோமிக்கு எழுதப்பட்டது. மறுநாளே கம்பெனி என்னை நிறுத்திவிட்டது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது ஊர் செய்தது. கைப்பெட்டியால்தான் ஒரு விதவைப் பெண் பிழைத்தாள் என்று பேச ஆரம்பித்தார்கள். செத்தவன்மேல் பழி போடக் கம்பெனியிடம் கைநீட்டின கிழவனைப் பெட்டி எப்படிப் பிடித்தது பார்த்தாயா என்றார்கள். அதுவரை பெட்டியை முணுமுணுத்துத் திட்டிக்கொண்டிருந்த மீன்காரப் பெண்களே அதற்கு மல்லிகை மாலை வாங்கிக்கொண்டு போய்ப் போட்டார்கள். நாளைக்கு அதே பெட்டி அவர்களைக் கம்பி எண்ணவைக்கும், அதைச் சொன்னால் என்னை அடிக்க வருவார்கள். டீக்கடைக்காரன் எனக்கு டீ இல்லை என்று சொல்லவில்லை. நான் போய் நின்றால் அவனுக்குக் காது கேட்கவில்லை, அவ்வளவுதான். நானும் டீயை விட்டுவிட்டேன்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். யாரிடம்? சொன்னால் தீர்ப்பு கலையும். தீர்ப்பு கலைந்தால் பொன்னுலிங்கம் சட்டைக் கையை மறுபடி மடிப்பான். எனக்கு ஊர் தேவையில்லை. ஊருக்கும் நான் தேவைப்பட்டதில்லை. அப்படியே கிடந்தேன்.

மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து பிலோமி நேரே என் வீட்டுக்கு வந்தாள். தலையில் போட்ட முக்காட்டை எடுக்கவில்லை. இஞ்ஞாசி நின்ற இடத்தில் இப்போது அவள்தான் கேன் தூக்குகிறாள். அவள் கையைப் பார்த்தேன். விரல் சந்துகளில் வெடிப்பு ஆரம்பித்திருந்தது. உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே இருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும் மாமா. அன்னைக்கு மன்றத்துல சொன்னியளே, அது நெசமா, பொய்யா?"

கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. புருஷன் குடித்துச் செத்தானோ என்று ராத்திரி பகலாக அரித்துக்கொண்டிருக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வராது. சொல்லிப் பழக்கமில்லை. ஆனால் இதற்கு ஒரே ஒரு வார்த்தை போதுமே.

"பொய்தான்" என்றேன். "அவன் குடிக்கல. பெட்டி சரியாத்தான் காட்டுச்சு."

அழுவாள் என்று பார்த்தேன். அவள் முக்காட்டை எடுத்து மடித்தாள். நன்றாக மடித்து, கையில் வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்குக் காலையில இருமிக்கிட்டே கெளம்புனாவ" என்றாள். "நாந்தான் பிராந்தி வாங்கி வச்சிருந்தேன். என் கண்ணு முன்னால குடிச்சிட்டுத்தான் வேலைக்குப் போனாவ."

அவளை உட்காரச் சொன்ன இடத்தில் நானே உட்கார்ந்தேன்.

"நீங்க மன்றத்துல நெசத்தச் சொன்னியன்னு அந்த எடத்துலயே எனக்குத் தெரியும். அதனாலதான் அவ்வளவு ஆத்திரம். பெட்டிக்கு மால போட்டப்ப நான் போகல." அவள் குரல் ஒரே சீராக இருந்தது. "நான் கேக்க வந்தது வேற. அந்தப் பிராந்தியினாலதான் கை தடுமாறுச்சா? நான் குடுக்காம இருந்திருந்தா உயிரோட இருந்திருப்பாவளா?"

"இல்லம்மா" என்றேன். "கை தடுமாறல. நான் பக்கத்துல நின்னேன். சரியாத்தான் திருகுனான். அந்த வால்வு இத்துப்போயிருந்துச்சு, பச்சப்புள்ள தொட்டிருந்தாலும் முறிஞ்சிருக்கும்."

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பித்தளைத் தகட்டில் கையை வைத்தபோதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

"வால்வு நல்லா இருந்துச்சுன்னு மன்றத்துல எழுதியிருக்கு" என்றாள்.

"அது என் கையினால வந்த பொய்."

"இப்பத்தான் குடிக்கலன்னு சொன்னிய. அதையும் இதே முகத்த வச்சிக்கிட்டுத்தான் சொன்னிய." அவள் படியிறங்கினாள். "சூசை மாமாவுக்குப் பொய் சொல்ல வராதுன்னு அவிய சொல்லிச் சொல்லிச் சிரிப்பாவ. அதுக்குத்தான் வேற எவங்கிட்டயும் போகாம உங்ககிட்ட வந்தேன்."

நான் செருப்புக்கூடப் போடாமல் பின்னாலேயே போனேன். தெருவில் பூசை முடிந்து வந்த சனம் நின்று பார்த்தது. கை தடுமாறவில்லை, வால்வுதான் இற்றிருந்தது, பிராந்தியால் இல்லை என்று மறுபடியும் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

"சரி மாமா" என்றாள் அவள், திரும்பாமலே. "வெயில்ல நிக்காதிய, வீட்டுக்குப் போங்க."